பரளிக்காடு பரிசல் சவாரி, தாராளமா போலாம்

கோவைல இருந்து காரமடை, வெள்ளியங்காடு தாண்டி மலை ஏறுனா பில்லூர் அணை தண்ணி ஓரமா இருக்கு, வனத்துறை ஊர்க்காரங்களோட சேந்து நடத்துறது, முன்னாடியே புக் பண்ணிட்டு போங்க, சும்மா போய் நிக்காதீங்க. பரிசல் தள்றது சமைக்கிறது எல்லாமே அங்கத்த பழங்குடி மக்கள்தான், நம்ம காசு அவங்களுக்கு கூலியா போகுது, காட்டுல வெறகு பொறுக்கி மட்டுமே பொழைக்கணும்னு இல்ல, எனக்கு இதுல புடிச்சதே அதான். சாப்பாடு செம!! அந்த ராகி களிக்கும் கீரை குழம்புக்குமே இன்னொரு தடவ போலாம், வெக்கப்படாம மறுபடி கேட்டு வாங்கிக்கங்க. அப்புறம் அத்திக்கடவு பக்கம் பவானி ஆத்துல குளியல், தண்ணி ஜில்லுனு இருக்கு. யானை பாக்கணும்னு கெளம்புறவங்களுக்கு இது செட் ஆகாது, சஃபாரி இல்லீங்க இது. மாத்து துணி எடுத்துக்கங்க, பிளாஸ்டிக் வேணாம்.