காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர்: திருச்சியா, சென்னையா, மதுரையா?

எங்கள் வீட்டில் சிங்கப்பூருக்கு டிக்கெட் போடும்போதெல்லாம் இந்தப் பஞ்சாயத்து வரும். மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு இப்போது திருச்சியையே பிடித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

வான்வழித் தூரத்தை வைத்து முடிவெடுக்க இங்கே ஒன்றுமே இல்லை. சாங்கி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து சுமார் 2,920 கி.மீ., திருச்சியிலிருந்து 2,980, மதுரையிலிருந்து 3,010. 100 கி.மீ. கூட வித்தியாசம் வரவில்லை, ஜெட் விமானத்துக்கு அது ஏழெட்டு நிமிடம். எங்கிருந்து ஏறினாலும் நாலு மணி நேரத்தை ஒட்டித்தான். டிக்கெட்டில் போகும்போது ஆறரை மணி நேரம் போலவும் வரும்போது ஒன்றரை மணி நேரம் போலவும் தெரியும், அது சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால்.

ஆக, கணக்கு முழுக்கத் தரையில்தான். திருச்சி விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகப் போனால் திருச்சி நெரிசலுக்குள் நுழைவதற்கு முன்பே டெர்மினல் வந்துவிடும், ஒன்றேமுக்கால் மணி நேரம் போதும். கார்க்காரர் விட்டுவிட்டு அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம், வழியனுப்ப வேன் நிறைய ஆள் ஏறினாலும் ராத்தங்கல் செலவு கிடையாது. திரும்பி வரும்போதுதான் இதன் அருமை தெரியும்: நள்ளிரவில் இறங்கினாலும் விடிவதற்குள் வீட்டில் படுத்துவிடலாம். வயதானவர்களைத் தனியாக அனுப்புகிறீர்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம். 2024-இல் புது டெர்மினலும் வந்துவிட்டது.

சென்னை என்றால் 400 கி.மீ. அதிகாலைப் பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயில் பிடித்துத் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம், செலவு ரொம்பக் குறைவு. ஆனால் விமானம் ராத்திரி என்றால் மதியத்திலிருந்து பெட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதையும் சேர்த்தால் நாலு மணி நேரப் பயணத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போகிறது.

அதற்காகச் சென்னை தேறாது என்று இல்லை. திருச்சி ஓடுபாதை இரண்டரை கி.மீ.க்குள் அடங்குவதால் அங்கே வருவதெல்லாம் நடுவில் ஒரே நடைபாதை உள்ள சின்ன விமானங்கள், பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் கூடுதல் பெட்டிக்கும் தனிக் காசு. முழுச் சேவை வேண்டுமென்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குச் சென்னைதான். டிசம்பரில் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை, அப்போது திருச்சிக் கட்டணம் எகிறும். வித்தியாசம் ஆளுக்கு நாலாயிரத்தைத் தாண்டி, கூட நாலு பேரும் இருந்தால் நானே சென்னைக்குப் போய்விடுவேன்.

மதுரை வழியாக நான் போனது குறைவு, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ரோடு தூரம் கிட்டத்தட்ட திருச்சி அளவுதான், ஆனால் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம், பெருங்குடியில். மேலூர் வழியாக வந்து ரிங் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நேரடி விமானமும் திருச்சி அளவுக்கு இல்லை, தேதி ஒத்துவருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மானாமதுரை, சிவகங்கைக்காரர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே மாறும்.