வாக்குப் பெறாத மேலவை: வைத்திருப்பதா, மாற்றுவதா, ஒழிப்பதா?

2008 அக்டோபரில் பிரிட்டனின் மேலவையான பிரபுக்கள் சபை ஒரு சட்டப்பிரிவைத் தோற்கடித்தது. பயங்கரவாதச் சந்தேகத்தில் கைதானவரைக் குற்றம் எதுவும் சாட்டாமலேயே 42 நாள் காவலில் வைத்திருக்க அது வழிசெய்தது. மக்கள் தேர்ந்தெடுத்த காமன்ஸ் சபையில் 9 வாக்கு வித்தியாசத்தில் தேறி வந்திருந்தது. பிரபுக்கள் சபையில் ஆதரவு 118, எதிர்ப்பு 309. அரசு அந்தப் பிரிவைக் கைவிட்டது.

2023 ஜூலையில் தாய்லாந்து. மே மாதப் பொதுத்தேர்தலில் அதிக இடம் பிடித்த கட்சியின் தலைவர் பிட்டா லிம்ஜாரோன்ராட் பிரதமர் பதவிக்கு நின்றார். இரு அவைகளும் சேர்ந்து வாக்களிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. 375 தேவை, கிடைத்தது 324. ராணுவ ஆட்சியாளர்கள் அமர்த்திய செனட்டில் அவரை ஆதரித்தவர்கள் 13 பேர்தான். இதே செனட் 2019-இல், 2014 ராணுவப் புரட்சிக்குத் தலைமை தாங்கிய பிரயுத்தைப் பிரதமராக்க 249 வாக்குகளைத் தந்தது.

இரண்டுமே மக்கள் வாக்கில் வராத அவைகள். ஒன்று தனிமனிதனின் விடுதலைக்குக் காவல் நின்றது. மற்றொன்று தேர்தல் முடிவையே செல்லாக்காசாக்கியது. ஆகவே 'தேர்ந்தெடுக்கப்பட்டதா, இல்லையா' என்று முதலில் கேட்பது தவறான இடத்தில் தொடங்குவது என்று நினைக்கிறேன். அந்த அவையால் கடைசியாக என்ன செய்ய முடியும்? அதுதான் முதல் கேள்வி. அதில் யாரை உட்கார வைப்பது யார் என்பது இரண்டாவது. நியமனம், தேர்தல், மாநிலங்கள் வழி, ஒழிப்பு என்ற நான்கு வழிகளையும் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

நியமன அவை: லண்டனும் ஒட்டாவாவும்

பிரபுக்கள் சபை இன்று பணிவாக இருக்கிறது என்றால், அது தானாக வந்த பணிவு அல்ல. 1909-இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜின் வரவுசெலவுத் திட்டத்தை அது நிராகரித்தது. அடுத்தடுத்து இரண்டு தேர்தல்கள் நடந்தன. 1911 நாடாளுமன்றச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. மற்றவற்றை இரண்டு ஆண்டு தாமதிக்கலாம், தடுக்க முடியாது. 1949-இல் அந்த இரண்டு ஆண்டும் ஓராண்டாகச் சுருங்கியது. 1945-இல் அட்லியின் தொழிற்கட்சி அரசு வந்தபோது இன்னொரு மரபும் வேரூன்றியது: ஆளுங்கட்சி தன் தேர்தல் அறிக்கையில் சொன்னதைச் சட்டமாகக் கொண்டுவந்தால், பிரபுக்கள் அதை அடியோடு எதிர்ப்பதில்லை.

காமன்ஸ் சபை பிரபுக்களின் சம்மதம் இல்லாமலே சட்டம் இயற்றியது இந்த நூறு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் ஏழே முறை. நரி வேட்டையைத் தடைசெய்த 2004 சட்டம் அவற்றில் ஒன்று. மற்ற நேரங்களில் திருத்தமும் மறுதிருத்தமுமாக மசோதா இரு அவைகளுக்கும் இடையே அலைந்து, ஏதோ ஓர் இடத்தில் நின்றிருக்கிறது. 2020-இல் உள்நாட்டுச் சந்தை மசோதாவில் சர்வதேச ஒப்பந்தத்தை மீற வழிசெய்த பிரிவுகளைப் பிரபுக்கள் நீக்கினார்கள். கடைசியில் அரசே அவற்றை விட்டுவிட்டது.

இவ்வளவு பிடுங்கியபின்னும் ஓர் அதிகாரத்தை மட்டும் 1911 சட்டம் அவர்களிடம் முழுதாக விட்டுவைத்தது. நாடாளுமன்றத்தின் ஆயுளை ஐந்து ஆண்டுக்கு மேல் நீட்டிக்கும் மசோதா வந்தால், பிரபுக்கள் சபை 'முடியாது' என்று சொல்லலாம். அந்த 'முடியாது'வைக் காமன்ஸ் தாண்டிப் போக முடியாது. தேர்தலைத் தள்ளிப்போட நினைக்கும் பெரும்பான்மைக்கு எதிரான பூட்டு இது. அதன் சாவி தேர்தலில் நிற்காதவர்களிடம் இருக்கிறது. இந்த அவையைப் பற்றிய விவாதங்களில் இது போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் ஆதங்கம்.

ஆனால் இரண்டாவது கேள்விக்கு வந்தால் என்னால் இந்த அவைக்காக வாதாட முடியவில்லை. எத்தனை பேரை நியமிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பே கிடையாது. பிரதமர் விரும்பினால் கட்சிக்கு நன்கொடை தந்தவரையும் தன் ஆலோசகரையும் உள்ளே அனுப்பலாம். 2000-இல் வந்த நியமன ஆணையம் நன்னடத்தையைச் சோதிக்கும், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாது. இங்கிலாந்துத் திருச்சபையின் 26 ஆயர்களுக்குப் பதவிவழி இருக்கை உண்டு. 1999 சீர்திருத்தம் பெரும்பாலான பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றிவிட்டு, சமரசமாக 92 பேரை மட்டும் விட்டுவைத்தது. அவர்களில் ஒருவரின் இடம் காலியானால் இடைத்தேர்தல் நடத்துவது வழக்கமாக இருந்தது. 2016-இல் நடந்த அப்படியொரு தேர்தலில் வேட்பாளர்கள் 7 பேர், வாக்காளர்கள் 3 பேர். அந்த எஞ்சிய பரம்பரை இருக்கைகளையும் நீக்கும் மசோதாவை அரசு கொண்டுவர 2024 ஆகிவிட்டது.

கனடாவின் கதை இதற்குத் தலைகீழ். அங்கே நியமனத்துக்கு எல்லை உண்டு: 105 இடங்கள், 75 வயதில் ஓய்வு. அதிகாரத்துக்குத்தான் எல்லை இல்லை. சாதாரணச் சட்டத்தை நிரந்தரமாகத் தடுக்க செனட்டால் முடியும். 1991 ஜனவரியில் கருக்கலைப்பு மசோதா செனட்டில் 43-க்கு 43 என்று சமமாக நின்றது; சமம் என்றால் தோல்வி. மக்கள் வாக்கில் வராத அவையின் ஒரு சமவாக்கு, அவ்வளவு பெரிய விஷயத்தின் தலைவிதியை முடித்துவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சரக்கு சேவை வரியைச் செனட் மறித்தபோது, பிரதமர் மல்ரோனி அரசியலமைப்பின் அரிதான ஒரு பிரிவைப் பயன்படுத்தி 8 செனட்டர்களைக் கூடுதலாகச் சேர்த்து வரியை நிறைவேற்றினார். எல்லையற்ற அதிகாரத்தை இப்படிக் குறுக்கு வழியில்தான் வெல்ல வேண்டியிருக்கிறது. ஐம்பது லட்சம் பேர் வாழும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 6 இடம், பத்து லட்சம்கூட இல்லாத நியூ பிரன்சுவிக்குக்கு 10 இடம் என்ற பழைய கணக்கையும் மாற்ற முடியவில்லை. தேர்தல் முறைக்கு மாற ஏழு மாகாணங்களின் சம்மதம் வேண்டும், ஒழிக்க எல்லா மாகாணங்களும் ஒப்ப வேண்டும் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

இருந்தும் கனடா ஒன்றைச் சரியாகச் செய்தது. 2016 முதல் ஒரு சுயேச்சையான ஆலோசனைக் குழு பெயர்களைப் பரிந்துரைக்கிறது, யாரும் விண்ணப்பிக்கலாம். கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்படாத செனட்டர்கள் பெருகினார்கள். ஆனால் பிரதமர் அந்தப் பரிந்துரையை மீற முடியாது என்று சட்டம் சொல்லவில்லை. அடுத்து வருபவர் ஒரே நாளில் கலைக்கக்கூடிய ஏற்பாடு அது.

மக்களே தேர்ந்தெடுத்தால்?

'வாக்கு இல்லையா, வாக்குப் பெட்டியை வை' என்பது நியாயமான பதில்தான். ஆஸ்திரேலியா அப்படித்தான் வைத்திருக்கிறது. 76 செனட்டர்கள், 1949 முதல் வாங்கிய வாக்கின் விகிதப்படி இடம் தரும் விகிதாசார முறை. கீழவையில் இடம் கிடைக்காத சிறு கட்சிகளின் குரல் செனட்டில் கேட்கிறது. இது பெரிய நன்மை. ஆனால் மக்கள் வாக்கைப் பெற்ற அவை தன்னை இரண்டாம்பட்சமாக ஏன் நினைக்க வேண்டும்? 1975-இல் எதிர்க்கட்சி செனட்டில் தனக்கிருந்த பலத்தைக் கொண்டு அரசின் நிதி மசோதாக்களை நிறுத்தி வைத்தது. நவம்பர் 11 அன்று தலைமை ஆளுநர் ஜான் கெர், பிரதமர் விட்லமைப் பதவிநீக்கினார். கீழவைப் பெரும்பான்மை விட்லமிடமே இருந்தது. பிரபுக்கள் சபை 1911-க்குப் பிறகு கனவுகூடக் காண முடியாத வேலையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேலவை செய்து காட்டியது. அதிலும் ஐந்தரை லட்சம் பேர் வாழும் டாஸ்மேனியாவுக்கு 12 பேர், எண்பது லட்சம் பேர் வாழும் நியூ சவுத் வேல்சுக்கும் அதே 12 பேர். வாக்கு இருக்கிறது, சம எடை இல்லை.

இத்தாலியில் இரு அவைகளுக்கும் சம அதிகாரம். அதைக் குறைக்கப் பிரதமர் ரென்சி 2016-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தோற்றுப் பதவி விலகினார். பிரான்சில் செனட்டை மாற்றியமைக்க முயன்று 1969-இல் அதிபர் டி கோலே பதவி இழந்திருக்கிறார். பலம் பெற்றுவிட்ட மேலவையைத் திரும்பச் சுருக்குவது லேசான காரியம் இல்லை.

பிரிட்டனும் இந்தப் பாதையை முயன்றது. 2012 மசோதா 80 விழுக்காடு உறுப்பினர்களைத் தேர்தல் மூலம் கொண்டுவரப் பார்த்தது. 15 ஆண்டுப் பதவி, ஒரே ஒரு முறை. இரண்டாம் வாசிப்பில் 462-க்கு 124 என்று தேறியது. ஆனாலும் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியில் 91 பேர் எதிர்த்து வாக்களித்ததால் அரசு பின்வாங்கியது. அந்த மசோதாவில் எனக்குப் பிடித்தது தேர்தல்கூட இல்லை, 'ஒரே முறை' என்ற நிபந்தனை. மறுபடி சீட்டு கேட்டுக் கட்சித் தலைமையிடம் நிற்க வேண்டியதில்லை என்றால்தான் கொறடாவின் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல முடியும்.

மாநிலங்கள் வழியாக

ஜெர்மனியின் மேலவையான பன்டஸ்ராட்டில் உட்காருபவர்கள் மாநில அரசுகளின் பிரதிநிதிகள். மாநிலத்துக்கு 3 முதல் 6 வாக்கு, மொத்தம் 69. ஒரு மாநிலத்தின் வாக்குகள் பிரியக் கூடாது. 2002-இல் குடியேற்ற மசோதாவில் பிராண்டன்பர்க்கின் ஓர் அமைச்சர் 'ஆம்' என்றார், இன்னொருவர் 'இல்லை' என்றார். அவைத் தலைவர் அதை 'ஆம்' என்று எண்ணிக்கொண்டார். அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. அங்கே யாருக்காகப் பேசுகிறோம் என்பதில் குழப்பமே கிடையாது. கூட்டாட்சி நாட்டுக்கு இதைவிடத் தெளிவான வடிவம் எனக்குத் தெரியவில்லை. கூட்டாட்சி இல்லாத நாட்டுக்கு இது பொருந்தாது.

இந்திய மாநிலங்களவை இதற்கும் கட்சி அவைக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. 245 இடங்களில் 233 பேரைச் சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், 12 பேர் நியமனம். 2003 திருத்தம் ஒரு மாநிலத்தின் சார்பில் நிற்பவர் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. 2006-இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. மாநிலங்களின் அவை என்ற பெயருக்கு அது பெரிய இழப்பு. 2016-இல் ஆதார் மசோதா பண மசோதாவாக வந்தது. மாநிலங்களவை சொன்ன ஐந்து திருத்தங்களை மக்களவை அன்றே ஒதுக்கித் தள்ளியது. 'பண மசோதா' என்று முத்திரை குத்தினால் மேலவையைத் தாண்டிவிடலாம் என்றால், அந்த முத்திரையைக் குத்துபவர் கையில்தான் உண்மையான அதிகாரம் இருக்கிறது.

ஒழித்துவிட்டால்?

நியூசிலாந்து 1950-இல் தன் நியமன மேலவையை ஒழித்தது. ஒழிப்புக்கு வாக்களிப்பதற்கென்றே புது உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டார்கள். 'தற்கொலைப் படை' என்று அவர்களுக்குப் பெயர். அதன்பிறகு ஒரே அவை, அதில் ஒரே கட்சிப் பெரும்பான்மை. 1978-லும் 1981-லும் எதிர்க்கட்சியைவிடக் குறைந்த வாக்கு வாங்கிய கட்சியே ஆட்சியைப் பிடித்தது. தடுத்து நிறுத்த வேறு அவை இல்லை. 1993-இல் மக்கள் தேர்தல் முறையையே மாற்ற வாக்களித்தார்கள். 1996 முதல் விகிதாசாரக் கலப்பு முறை. மேலவை செய்ய வேண்டியிருந்த வேலையைக் கீழவைக்குள்ளேயே கூட்டணியும் குழுக்களும் செய்யத் தொடங்கின. டென்மார்க் 1953-லும் ஸ்வீடன் 1971-லும் ஒற்றை அவைக்கு மாறியபோது அந்த நாடுகளில் விகிதாசார முறை ஏற்கெனவே இருந்தது.

ஆகவே ஒழிப்பு என்பது பாதி யோசனைதான். மீதிப் பாதி கீழவையைத் தேர்ந்தெடுக்கும் முறை. அதைத் தொடாமல் மேலவையை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் சாட்சி. 1922-இல் மேலவையை ஒழித்தது. பின்னாளில் கோணலாக வகுத்த தொகுதிகளின் பலத்தில் ஒரே முதல்வர் 1968 முதல் 1987 வரை ஆண்டார். அந்த ஆட்சிக்காலத்தின் ஊழலை ஒரு விசாரணை ஆணையம்தான் வெளிக்கொண்டுவந்தது.

என் தேர்வை ஒளிக்காமல் சொல்கிறேன். கீழவையில் விகிதாசார முறை இருக்கும் ஒற்றையாட்சி நாட்டுக்கு ஒரே அவை போதும். கூட்டாட்சி நாட்டுக்கு ஜெர்மன் வழி. பிரிட்டனைப் போல ஒரே கட்சி கீழவையை முழுதாக ஆளக்கூடிய இடத்தில், தாமதிக்க மட்டுமே முடிந்த நியமன அவையை நான் ஏற்பேன். ஆனால் பிரதமரின் பேனா சட்டத்தால் கட்டப்பட வேண்டும். 2017-இல் பிரபுக்கள் சபையின் அளவை ஆராய்ந்த பர்ன்ஸ் குழு சொன்ன 600 என்ற உச்சவரம்பும் 15 ஆண்டு வரம்பும் கோரிக்கையாக இல்லாமல் சட்டமாக வேண்டும். நியமன ஆணையம் மறுத்தவரை யாரும் உள்ளே அனுப்ப முடியாதபடி இருக்க வேண்டும். ஆயர்களின் இருக்கைகளும் போக வேண்டும். இது நடக்காதென்றால், ஆஸ்திரேலிய ஆபத்தோடு சேர்த்தே தேர்தலை ஏற்றுக்கொள்வேன்.

அயர்லாந்தில் 2013-இல் செனட்டை ஒழிக்கலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். அதன் 60 பேரில் 11 பேரைப் பிரதமர் நியமிக்கிறார், 6 பேர் பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் வாக்கில் வருகிறார்கள், மீதி 43 பேரில் பெரும்பாலோரைத் தேர்ந்தெடுப்பவர்கள் உள்ளாட்சி உறுப்பினர்கள். சாதாரண வாக்காளருக்கு அதில் பங்கே இல்லை. அப்படியிருந்தும் 51.7 விழுக்காட்டினர் அதை வைத்திருக்கச் சொன்னார்கள்.