ட்ரை ஃபுட்டா, பவுச்சா? பையின் பின்பக்கம் சொல்லும் கணக்கு

பூனைக்கென்று விற்பவை பெரும்பாலும் இரண்டு வகை: மொறுமொறுப்பான ட்ரை ஃபுட், குழம்போடு வரும் வெட் ஃபுட் பவுச். எங்கள் ஓட்டு பவுச்சுக்கே. காரணம் தண்ணீர். ட்ரை ஃபுட்டில் ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பவுச்சில் 80 வரை போகும். பூனைக்கு இயல்பிலேயே தாகம் குறைவு. கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தாலும், உலர் உணவில் விட்டுப்போன ஈரத்தை அது முழுசாகக் குடித்து ஈடுகட்டாது. சிறுநீர் கெட்டிப்படும், கல் சேரும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல் என்பதால் அடைப்பு உயிருக்கே ஆபத்தாக முடியும்.

"பவுச்சில் புரதம் 10 சதவீதம்தானே, இதில் 32 இருக்கிறதே" என்று பலர் ட்ரை ஃபுட்டை எடுக்கிறார்கள். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பவுச்சில் மீதி 20. அதில் 10 புரதம் என்றால் சரிபாதி. ட்ரை ஃபுட்டில் மீதி 90. அதில் 32 என்றால் 36 சதவீதம்கூட வராது.

மாவுச்சத்தை அநேகமாக எந்தப் பையிலும் போடுவதில்லை. நாமே கண்டுபிடிக்கலாம். அதே ட்ரை ஃபுட்டில்: புரதம் 32, கொழுப்பு 12, நார் 3, ஈரம் 10, சாம்பல் (அதாவது தாது உப்புகள்) 8. கூட்டினால் 65. நூறில் மிச்சமுள்ள 35 மாவு. இறைச்சியையே நம்பி வாழப் பிறந்த உயிருக்கு இது அதிகம்.

எதை வாங்கினாலும் 'முழுமையான உணவு' என்று அச்சிட்டிருக்க வேண்டும். 'துணை உணவு' என்றிருந்தால் அது நொறுக்குத்தீனிதான். ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. டாரின் என்ற அமினோ அமிலம் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பூனையின் உடம்பு அதைத் தேவையான அளவு தயாரிக்காது. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987இல் தெரியவந்தது, பார்வையும் கெடும். நாய் உணவு பூனைக்கு ஆகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பவுச்சுக்கும் குறை உண்டு. விலை கூடுதல், திறந்தால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள்தான். சில்லென்று வைத்தால் மணம் எழும்பாது, பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். கொஞ்சம் வெந்நீர் கலந்து வெதுவெதுப்பாக வையுங்கள்.

செலவு கட்டுப்படியாக இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே வளரும் 4 கிலோ பூனைக்கு நாளுக்கு 200 கலோரி போதும். 70 கலோரி பவுச் இரண்டு போட்டால் 140. மீதி 60க்கு, 100 கிராமுக்கு 370 கலோரி தரும் ட்ரை ஃபுட்டில் 16 கிராம். இதைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். கையளவில் போட்டால் கூடிப்போகும். பூனை பெருப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

புது உணவுக்கு ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால் என ஒரு வாரத்தில் மாற்றுங்கள். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி மட்டும் போடாதீர்கள். பூனை சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் வேகமாக. ஒரு முழு நாள் வாய் வைக்கவில்லையென்றால் பழைய உணவையே கொடுத்துப் பாருங்கள். அதையும் தொடாவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.