பஸ் போய்விட்டது, பணமும் போக வேண்டுமா? சார்ஜ்பேக், 1915, நுகர்வோர் ஆணையம்: ஓர் ஒப்பீட்டு அலசல்

டிக்கெட்டில் ‘நோ ஷோ’ (பயணி வரவில்லை) என்று பதிந்துவிட்டால் ஆம்னி பஸ் நிறுவனம் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தராது. அந்தப் பதிவை எதிர்த்து எங்கே முறையிடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கஸ்டமர் கேர், வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக், 1915 உதவி எண், நுகர்வோர் ஆணையம் ஆகிய நான்கும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. தவறான இடத்தில் ஆரம்பித்தால் நாள்தான் ஓடும்.

அதற்கு முன் ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்: பஸ் நம்மை விட்டுவிட்டுப் போனதா, நாம் பஸ்ஸை விட்டோமா? டிராஃபிக்கில் மாட்டிப் பத்து நிமிடம் தாமதமாகப் போயிருந்தால் இந்த நான்கில் எதுவும் கைகொடுக்காது. குறித்த நேரத்துக்கு முன்பே கிளம்பியது, போர்டிங் பாயிண்டைச் சொல்லாமல் மாற்றியது, பஸ் எண்ணைத் தவறாக அனுப்பியது, நிறுத்தாமல் போனது போன்றவை சேவைக் குறைபாடு. டிக்கெட்டில் ஒரு நிறுத்தமும் எஸ்எம்எஸ்ஸில் வேறொரு நிறுத்தமும் இருந்தால் வழக்குக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. கோயம்பேட்டிலிருந்து ஆம்னி பஸ்கள் கிளாம்பாக்கத்துக்கு மாறிய 2024 ஜனவரியில் இந்தக் குழப்பம் மிக எளிதாக நேரக்கூடியதாக இருந்தது.

எந்த வழியில் போனாலும் அன்றிரவே சேர்க்கும் ஆதாரம்தான் பேசும். டிரைவருக்கும் அலுவலகத்துக்கும் செய்த அழைப்புகளின் பட்டியல், நின்ற இடத்தைக் காட்டும் மேப் ஸ்கிரீன்ஷாட், பெயர்ப்பலகை தெரிய ஒரு படம், பஸ் ஓடும் இடத்தைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை எடுத்துவையுங்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். பயணம் முடிந்தபின் அந்த லிங்க் பெரும்பாலும் திறக்காது. பிறகு, “இத்தனை மணிக்கு இந்த இடத்தில் நின்றேன், பஸ் வரவில்லை” என்று நான்கு வரி மின்னஞ்சல். போனில் போடும் சண்டைக்குச் சாட்சி இல்லை. மின்னஞ்சலுக்குத் தேதியும் நேரமும் உண்டு.

கஸ்டமர் கேரையும் 1915ஐயும் சேர்த்தே பார்க்கலாம். ஆன்லைனில் டிக்கெட் விற்கும் தளத்துக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுப் பதில் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். சாட் பாக்ஸில் புலம்புவதும் இந்த அலுவலருக்கு எழுதுவதும் ஒன்றல்ல. “பஸ் நிறுவனத்தைக் கேளுங்கள்” என்று தளமும், “தளத்தில் கேளுங்கள்” என்று நிறுவனமும் கைகாட்டுவது வழக்கமான ஆட்டம். இருவருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பினால் அது நின்றுபோகும். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஆனால் அது நீதிமன்றம் அல்ல. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும். பணம் கொடு என்று உத்தரவிட முடியாது. பெயரைக் காக்க நினைக்கும் பெரிய தளங்களிடம் அது பலிக்கும். ஒற்றை அறை டிராவல்ஸ்காரரிடம் பெரிதாக எடுபடாது.

சார்ஜ்பேக் வேகமானது, பறிபோவதும் எளிது. கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை மறுத்து முறையிடலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் ‘சேவை கிடைக்கவில்லை’ என்ற காரணத்துக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. இதில் நடக்கும் பெரிய தவறு, படிவத்தில் ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை’ என்ற கட்டத்தை டிக் செய்வது. அது மோசடிப் புகார். ஓடிபி போட்டு நீங்களே கட்டியது தெரிந்ததும் தள்ளுபடியாகும், கார்டும் முடக்கப்படும். ‘பணம் கட்டினேன், சேவை தரப்படவில்லை’ என்பதுதான் சரியான காரணம்.

நிறுவனம் பதிலுக்கு ‘பஸ் ஓடியது, பயணி வரவில்லை’ என்று டிரிப் ஷீட்டை (பயணப் பதிவுத் தாளை) காட்டும். அங்கேதான் அன்றிரவு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் வேலை செய்யும். அவை இல்லாவிட்டால் தோல்வி நிச்சயம் என்றே சொல்லலாம். இன்னொன்று: சார்ஜ்பேக்கில் டிக்கெட் பணம் மட்டும்தான் வரும். அவசரத்துக்குப் பிடித்த டாக்ஸிக்கு மூவாயிரம் ஆனாலும் வங்கி அதைத் தொடாது. இடையில் நிறுவனமே பணத்தைத் திருப்பிவிட்டால் உடனே வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் பணம் வாங்குவது உங்கள் பக்கத்தைக் கெடுக்கும்.

டாக்ஸிச் செலவும் மன உளைச்சலுக்கு இழப்பீடும் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் இடம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பயணிக்குச் சாதகமான மாற்றம் ஒன்று வந்தது: நிறுவனம் எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் தாக்கல் செய்யலாம். எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கேட்டால் மேலும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்; நடப்பில் அதைவிட நீளும் என்று எண்ணியே இறங்குங்கள். உத்தரவை மதிக்காத நிறுவனத்தின் மீது சிறைத் தண்டனை வரை போக இடமுண்டு. 1915க்கும் ஆணையத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வழக்கில் வழுக்கும் இடங்கள் இரண்டு. டிக்கெட் தளத்தை மட்டும் எதிர்தரப்பாகச் சேர்த்து பஸ் நிறுவனத்தை விட்டுவிட்டால், ‘நாங்கள் இடைத்தரகர்’ என்ற ஒரு வரியில் தளம் நழுவப் பார்க்கும். இரண்டையும் சேருங்கள். அடுத்து, பில் இல்லாத செலவு. டாக்ஸி ரசீது இல்லாமல் டாக்ஸிக் கட்டணம் கேட்டால் எடுபடாது.

ரயிலுக்கு இந்தக் கணக்கு மாறும். வெறும் டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கு ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தின் எல்லைக்குள் வரும். சென்னையில் அதன் அமர்வு உண்டு. அதற்கு முன் டிடிஆர், அதாவது பயணம் செய்யாத டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கேட்டு ரயில்வேயிடம் பதியும் கோரிக்கை. ஏற வேண்டிய ஸ்டேஷனில் வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யாவிட்டால், அந்த வண்டி உண்மையில் கிளம்புவதற்குள் டிடிஆர் போட வேண்டும். முதல் வண்டி தாமதமாகி இணைப்பு வண்டி போய்விட்டால், முதல் வண்டி வந்துசேர்ந்த 3 மணி நேரத்துக்குள். இரண்டு பிஎன்ஆர்களையும் முன்பே இணைத்திருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்து இணைக்காமல் விட்டால் இந்தச் சலுகை இல்லை. வண்டித் தாமதத்தால் வந்த மற்ற நஷ்டத்துக்கு நுகர்வோர் ஆணையமே வழி. ஜம்முவுக்கு 4 மணி நேரம் தாமதமாக வந்த ரயிலால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட பயணிக்கு டாக்ஸிக்கு 15,000, முன்பதிவுச் செலவுக்கு 10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 ரூபாய் தரும் உத்தரவை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தாமதத்துக்குத் தன் கையை மீறிய காரணம் இருந்ததென்று ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்.

விமானத்தில் மட்டும், நம் தவறால் தவறவிட்டாலும் முழுப்பணமும் போவதில்லை. அடிப்படைக் கட்டணம் திரும்பாத சலுகை டிக்கெட்டாக இருந்தாலும் அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதி. கேட்காதவருக்கு அது தானாக வரும் என்று இருக்காதீர்கள்.

எவ்வளவு மின்னஞ்சல் ஓடினாலும் ஆணையத்துக்கான 2 ஆண்டுக் கெடு பஸ் போன நாளிலிருந்தே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “பரிசீலனையில் உள்ளது” என்று நிறுவனம் மாதக்கணக்கில் பதில் எழுதிக்கொண்டிருந்தால் அந்தக் கெடு நீளாது.