மிச்சிகன் குளிர்காலத்தில் செஸ்னா 172: இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச் அனுபவம்

மேற்கு மிச்சிகனில் ஒரு ஃப்ளையிங் கிளப்பின் செஸ்னா 172எஸ் விமானத்தைப் பல குளிர்காலங்களாக ஐஎஃப்ஆர்-ல், அதாவது மேகத்துக்குள்ளும் கருவிகளை நம்பிப் பறக்கும் முறையில், ஓட்டி வருகிறேன். 180 குதிரைத்திறன் லைகமிங் என்ஜின், வாஸ் (ஜிபிஎஸ் பிழையைச் செயற்கைக்கோள் வழியாகத் திருத்தும் முறை) வசதியுள்ள ஜிபிஎஸ் நேவிகேட்டர், ஒரு ஆட்டோபைலட். ஐஸிலிருந்து காப்பாற்ற என்ன இருக்கிறது என்று பார்த்தால் வேகத்தை அளக்கும் பிடோ குழாய்க்கு ஒரு ஹீட்டர், முன்கண்ணாடிக்குக் கொஞ்சம் சூடான காற்று, அவ்வளவுதான். புதிதாக ஐஎஃப்ஆர் ரேட்டிங் வாங்கியவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: மேகத்தின் அடி தரையிலிருந்து 200 அடியில் இருக்கும்போது இதை இறக்க முடியுமா? முடியும், நன்றாகவே முடியும். அந்த 200 அடி வரைக்கும் இறக்கைகள் சுத்தமாக வந்து சேருமா என்பதுதான் இங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2003-ல் வாஸ் வந்ததற்கு அப்புறம்தான் சின்ன ஊர் ரன்வேக்களுக்கும் எல்பிவி அப்ரோச், அதாவது ஜிபிஎஸ் வழிகாட்டலில் ரன்வேயை நோக்கி இறங்கும் முறை, கிடைத்தது. தரையிலிருந்து ரேடியோ கதிரால் வழிகாட்டும் ஐஎல்எஸ் ஆன்டெனா எதுவும் இல்லாத இடத்திலும், தடைகளும் ரன்வே விளக்குகளும் அனுமதித்தால், ஐஎல்எஸ் போலவே 200 அடி வரை கிளைடு பாத் (இறங்க வேண்டிய சரிவுப் பாதை) காட்டும். அதைக் காட்டும் முள் ஆடுவதே இல்லை. 90 நாட் (மணிக்கு சுமார் 167 கி.மீ.) வேகத்தில் கீழே வரும்போது தரைவேகத்தை ஐந்தால் பெருக்கிக்கொண்டால் நிமிடத்துக்கு 450 அடி இறக்கம், அதற்கு ஏற்ற பவரை வைத்துவிட்டால் விமானம் தானாக அந்தக் கோட்டில் உட்கார்ந்துகொள்ளும். எதிர்க்காற்று பலமாக இருந்தால் இறக்க வேகம் குறையும், அதற்கேற்ப பவர் கொஞ்சம் கூட்ட வேண்டும். இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. காற்று தூக்கிப்போடும்போது தொடுதிரையில் விரல் பக்கத்துப் பொத்தானில் போய் விழுவது மட்டும் எரிச்சல், அந்த நேரத்தில் குமிழைத் திருகுவதே மேல்.

இனி ஐஸ். மிச்சிகன் ஏரி சீக்கிரம் உறையாது. மேற்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்தத் தண்ணீரின் மேலே வரும்போது சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு கிழக்குக் கரையில் மேகமாகவும் பனிப்பொழிவாகவும் கொட்டும். மஸ்கீகனில் அரை மைல் பார்வை, அதே நேரம் ஏரிக்கு அந்தப் பக்கம் மில்வாக்கியில் வெயில் என்பது இங்கே சாதாரணம். மேகத்தின் உச்சி பெரும்பாலும் பத்தாயிரம் அடிக்குக் கீழேதான், ஆனால் அதற்குள் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்த்துளிகள் நிறைய. ரேடார் படத்தை நம்பியும் பயனில்லை. மேகம் தாழ்வாக இருப்பதால் தூரத்து ரேடாரின் கதிர் அதற்கு மேலேயே போய்விடும், திரையில் பச்சை ஒன்றும் இருக்காது, வெளியே பார்த்தால் வெள்ளை.

172-ல் ஐஸ் தொடங்குவதை முதலில் காட்டிக்கொடுப்பது இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட். இடது ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதன் முன்விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும், இரவில் என்றால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அடுத்த சில நிமிடங்களில் அந்தக் கோடு கல் உப்பு ஒட்டிக்கொண்ட மாதிரி சொரசொரப்பாகும், முன்கண்ணாடியின் ஓரங்கள் மங்கும், அதே பவரில் வேகம் மூன்று நான்கு நாட் குறைந்திருக்கும். ஆட்டோபைலட் போட்டிருந்தால் இது கைக்குத் தெரியாது, அது சத்தமில்லாமல் டிரிம் போட்டு மூக்கின் நிலையைச் சரிக்கட்டிக்கொண்டே போகும். அதனால் மேகத்துக்குள் அவ்வப்போது ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையில் பிடித்துப் பார்ப்பது என் பழக்கம்.

விமானத்தின் கையேட்டைப் படித்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். இறக்கையின் முன்விளிம்பில் கால் அங்குலம் ஐஸ் பிடித்துவிட்டால் ஸ்டால் வேகம் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம்) நன்றாகக் கூடும் என்கிறது. ஐஸோடு இறங்கும்போது ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகடு) இறக்காதே என்றும் சொல்கிறது. வால் பகுதியிலும் ஐஸ் இருக்கலாம், ஃப்ளாப் இறங்கியதும் அங்கே போகும் காற்றின் திசை மாறி மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் பிடிப்பை இழக்கலாம். முடிந்தால் ஜன்னலைத் திறந்து முன்கண்ணாடி ஐஸைச் சுரண்டு என்று கூட எழுதியிருக்கிறார்கள்! ஃப்ளாப் இல்லை, வேகம் அதிகம், ரன்வே வழுக்கும். அப்படியென்றால் 4,000 அடி ரன்வேயில் முடியும் அழகான எல்பிவி அப்ரோச் எனக்கு அன்று பயன்படாது, கிராண்ட் ராபிட்ஸின் 10,000 அடிதான் வேண்டும். இதோடு, ஸ்டால் வரப்போகிறது என்று எச்சரிக்கும் ஹாரனும் இடது இறக்கை முன்விளிம்பில் உள்ள ஒரு சின்ன ஓட்டை வழியாக உறிஞ்சும் காற்றால்தான் ஊதுகிறது. ஐஸ் அதை அடைத்துவிட்டால், ஸ்டால் வேகம் கூடியிருக்கும் நேரத்தில் எச்சரிக்கை வராமல் போகலாம்.

பெரிய விமானம் என்றால் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்காக: 1994 அக்டோபர் 31 அன்று இதே ஏரிக்குத் தெற்கே, இண்டியானாவில் ரோஸ்லான் அருகே, உறையும் தூறலில் வட்டமடித்துக் காத்திருந்த ஏடிஆர் 72 பயணிகள் விமானம் விழுந்து 68 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் இறக்கையில் ஐஸை உடைக்கும் ரப்பர் பூட் இருந்தது, ஐஸ் அதற்குப் பின்னால் போய்ப் பிடித்தது. நம் விமானத்தில் பூட்டே கிடையாது.

குளிரில், காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டரும் ஏமாற்றும். தரையில் மைனஸ் 20 டிகிரி என்றால், விமான நிலையத்துக்கு மேல் 1,000 அடி என்று அது காட்டும்போது நிஜத்தில் சுமார் 140 அடி கீழே இருப்போம். எல்பிவி-யின் கிளைடு பாத் காற்றழுத்தத்தை நம்பியதல்ல, அது மாறாது. அதனால் கடைசி இறக்கம் தொடங்கும் ஃபைனல் ஃபிக்ஸ் என்ற புள்ளியைத் தாண்டும்போது சார்ட்டில் போட்டிருப்பதைவிட ஆல்டிமீட்டர் அதிகம் காட்டுவதைப் பார்த்துப் பயந்து பாதைக்குக் கீழே இறக்கக்கூடாது. இறங்குவதா, திரும்ப மேலே ஏறுவதா என்று முடிவெடுக்கும் 200 அடியில் பிழை 30 அடிதான், ஆனால் அந்த இடத்தில் 30 அடி சின்ன விஷயமா என்ன?

கடைசி அரை நிமிடம் பற்றி. பளிச்சிடும் ஸ்ட்ரோப் விளக்கும் லேண்டிங் லைட்டும் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரே பறந்து வரும் பனி கண்ணைக் கட்டிவிடும். அமெரிக்க விதிப்படி 200 அடியில் ரன்வேக்கு முன்னால் இருக்கும் அப்ரோச் லைட் மட்டும் தெரிந்தாலும் 100 அடி வரை இறங்கலாம், அதற்கும் கீழே போக ரன்வேயோ அதன் விளக்குகளோ தெரிய வேண்டும். பனி மூடிய வயலுக்கு நடுவே பனி மூடிய ரன்வேயில் விளக்குகளுக்கு இடையில் இருள் மட்டும்தான் ரன்வே. உயரம் எவ்வளவு என்று கண் சொல்லாது. பவரைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மெதுவாக உட்கார வைப்பேன், பிரேக்கைத் தொடவே மாட்டேன்.

சில்லறை விஷயங்கள். மைனஸ் 6 டிகிரிக்குக் கீழே போனால் என்ஜினை முன்கூட்டியே சூடாக்காமல் ஸ்டார்ட் செய்வதில்லை. சக்கரத்தின் மேல்மூடிகளை டிசம்பரிலேயே கழற்றிவிடுகிறோம், உள்ளே சேறும் பனியும் சேர்ந்து உறைந்தால் சக்கரம் சுற்றாது. எங்கள் விமானத்தின் கேபின் ஹீட்டர் முன்னால் இருப்பவர்களின் முழங்காலைச் சுட வைக்கும், பின்சீட்டில் இருப்பவருக்குப் போர்வை கொடுக்க வேண்டும்.

ஆக எனக்கு இது எதற்குப் பயன்படுகிறது? மேகத்தின் அடி ஆயிரம் அடிக்கு மேல், உள்ளே மைனஸ் 20-க்கும் கீழே உலர்ந்த குளிர், சற்று முன் அந்த வழியாகப் போனவர் ஐஸ் இல்லை என்று சொல்லியிருக்கிறார், உள்நாட்டில் லான்சிங் பக்கம் வானம் திறந்திருக்கிறது என்றால் தாராளமாகப் போவேன். உறையும் தூறல் என்ற சொல் முன்னறிவிப்பில் எங்கே வந்தாலும் காரில்தான். ஐஸோடு பறப்பதற்கே சான்றிதழ் வேண்டுமென்றால் ஐஸ் பிடிக்காமலிருக்க இறக்கையில் டிகேஎஸ் திரவம் கசியவிடும் வசதி பொருத்திய சிரஸ் எஸ்ஆர்22 மாதிரி வேறு விலையில் வேறு விமானம் இருக்கிறது, அதுவும் ஐஸிலிருந்து வெளியேற நேரம் கொடுப்பதற்குத்தான். சொந்தமாக 172 வைத்திருந்து கையில் கொஞ்சம் பணமும் இருந்தால், இரண்டாவது திரைக்கு முன்னால் நல்ல என்ஜின் ஹீட்டர், இறக்கை உறைகள், வருடம் ஒரு முறை நிஜமான குளிரில் ஒரு பயிற்சியாளரோடு சில மணி நேரம், இந்த வரிசையில் செலவழியுங்கள்.