சீர் மெலனோமா புள்ளிவிவரப் பக்கம்: நோயாளிக்கு எவ்வளவு உதவும்?

சீர் (SEER) என்பது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம். மெலனோமா எனும் தோல் புற்றுநோய்க்கான அதன் இலவசப் பக்கம் இது. தரவு நம்பகமானது, ஆனால் தனி நோயாளிக்கு அரைகுறைதான். உயிர்பிழைப்பு விகிதத்துக்குத் தோலோடு நின்றது, அருகே பரவியது, தொலைவுக்குப் பரவியது என மூன்றே பிரிவு. 0.5 மி.மீ. தடிமனும் புண்ணான 5 மி.மீ. கட்டியும், பரவாதவரை, ஒரே கூடையில்!

பயாப்சி அறிக்கையில் பிரெஸ்லோ தடிமன் (கட்டி தோலுக்குள் இறங்கியுள்ள ஆழம்), புண் உண்டா, நிணநீர்க்கணு நிலை ஆகியவற்றைப் பார்த்து, ஏ.ஜே.சி.சி. (AJCC) எனும் அமெரிக்கக் குழு வகுத்த புற்றுநோய் நிலைப் பிரிப்பின் 8ஆம் பதிப்பு அட்டவணைக்குப் போங்கள். அங்கே மெலனோமாவால் இறக்காமல் 5 ஆண்டு தாண்டுவோர், மூன்றாம் நிலையின் உட்பிரிவுகளான 3ஏ-வில் 93%, 3டி-யில் 32%. ‘மூன்றாம் நிலை’ என்று மட்டும் தேடினால் இந்த இடைவெளி தெரியாது.

இரண்டுமே முன்பு சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு. புதிய இம்யூனோதெரபியின் (உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சை) பலன் முழுதாக ஏறியிருக்காது. சீர் தருவது சமவயதினரோடு ஒப்பிட்ட உயிர்பிழைப்பு விகிதம், எனவே இரண்டு சதவீதங்களையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.