மழைக்கரையில் மோட்டார்ஹோமா, கேம்பர்வேனா?

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குடியிருந்துகொண்டு, வடக்கே பண்டபெர்க் வரையும் தெற்கே காஃப்ஸ் ஹார்பர் வரையும் நீளும் கரையை வண்டியிலேயே தங்கிச் சுற்றுவதற்காக நாங்கள் வாங்கியது கேம்பர்வேன். அதற்கு முன் மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்து ஓட்டினோம். விற்பனைக்கு வந்த பழைய மோட்டார்ஹோம்கள் பலவற்றிலும் ஏறி இறங்கினோம். என் மனைவி கடைசி வரை மோட்டார்ஹோம் கட்சி. எனவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். எதிர்க்கட்சியின் வாதம் நன்றாகத் தெரியும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் தருகிறேன்.

எதை எதோடு ஒப்பிடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் அறையும் அடிச்சட்டமும் மட்டும் வேன் தொழிற்சாலையிலிருந்து வர, பின்னால் பலகைகளைப் பொருத்திப் பெட்டியாகக் கட்டுவது மோட்டார்ஹோம். சரக்கு வேனின் இரும்புக் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே கட்டிலும் அடுப்பும் அலமாரியும் அமைப்பது கேம்பர்வேன். ஃபியட் டுகாட்டோ, மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் ஆகிய இரண்டும் இரு வகைக்குமே அடிப்படையாகப் பயன்படுகின்றன. ஆகையால் எஞ்சின், பிரேக், டயர் பராமரிப்பில் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசமெல்லாம் சுவரிலும் கூரையிலும்தான். அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

இடவசதியில் மோட்டார்ஹோம் ஜெயிக்கிறது. நிமிர்ந்து நடக்கலாம், மேசையை மடக்காமலே படுக்கலாம், குளியலறைக்குக் கதவு உண்டு. நடு இரவில் மழையில் நனைந்துகொண்டு முகாமின் பொதுக் கழிப்பறைக்கு ஓட வேண்டியதில்லை என்பதைச் சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டீசல் செலவிலும், ஊருக்குள் நிறுத்துவதிலும், மலைச்சாலையிலும் கேம்பர்வேன் ஜெயிக்கிறது. ஓட்டுநர் உரிமத்தில் சண்டை இல்லை: சுமையோடு சேர்த்து 4.5 டன்னுக்குள் இருந்தால் இரண்டையும் சாதாரணக் கார் உரிமத்திலேயே ஓட்டலாம்.

இயற்கையைப் பார்க்கப் போகும்போது வண்டியின் நீளம் உறுத்தத் தொடங்குகிறது. நூசா தேசியப் பூங்காவின் வாசலில் உள்ள வாகன நிறுத்தம் காலை எட்டு மணிக்கே நிரம்பி வழியும். ஏழு மீட்டர் வண்டியோடு அங்கே நுழைவது வீண் வேலை. கனங்ராவிலிருந்து லாமிங்டன் மழைக்காட்டுக்கு ஏறும் சாலை சில இடங்களில் ஒற்றை வண்டி அகலம்தான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் உடைந்து பிரிந்துபோன கோண்ட்வானா பெருநிலத்தின் எச்சமான காடுகள் இவை; 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கத் தொடங்கி, 1994இல் குயின்ஸ்லாந்து மாநிலப் பகுதிகளையும் இணைத்து விரித்தார்கள். இதே பட்டியலில் உள்ள இலுக்கா காப்பகத்தில் மழைக்காடு கடல்மணல் வரைக்கும் இறங்கி வந்து நிற்கும். அதற்கு ஏணியும் வேண்டாம், மலையும் ஏற வேண்டாம். கிளாரன்ஸ் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போனால் போதும்.

ஆற்றின் தென்கரையில் யாம்பாவும் அங்கௌரியும். அங்கிருந்து தெற்கே யுரேகிர் தேசியப் பூங்கா, சுமார் 65 கிலோமீட்டர் கடற்கரை. புதரிலிருந்து ஈமு மணலுக்கு இறங்கி வருவதை அங்கே பார்க்கலாம். அந்தக் கடலோர ஈமுக் கூட்டம் அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. பூங்காவின் முகாம்களுக்குப் போகும் பாதைகளில் சில மண்பாதைகள். வாடகை மோட்டார்ஹோம் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்பாதையைத் தடை செய்கின்றன. சொந்த வண்டிக்கு அந்தத் தடை இல்லையென்றாலும், அலைதட்டிய மண்பாதையில் ஒரு பெட்டி வண்டி எழுப்பும் முனகலைக் கேட்டால் வேகம் தானே குறையும். அந்த முனகல்தான் என் கட்சிக்கு முக்கியச் சாட்சி. கொஞ்சம் பொறுங்கள்.

கேம்பர்வேன் எங்கும் போகும் என்று நினைத்துவிட வேண்டாம். 2023இல் கே'காரி என்ற தொல்குடிப் பெயரை அதிகாரப்பூர்வமாகத் திரும்பப் பெற்ற ஃபிரேசர் தீவு, உலகின் மிகப் பெரிய மணல் தீவு; நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் அங்கே எதுவும் நகராது. இந்த விஷயத்தில் இரண்டு வண்டிகளும் ஒரே தட்டில். கரையில் நிறுத்திவிட்டுச் சுற்றுலா வண்டியில்தான் போக வேண்டும்.

இனி நான் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். மழை.

இந்தக் கரை வறண்ட ஆஸ்திரேலியா அன்று. காஃப்ஸ் ஹார்பரில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையின் சராசரி சுமார் 1,400. கோல்டு கோஸ்டுக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங்புரூக் மலையில் சுமார் 3,000. 2022 பிப்ரவரி இறுதியில் லிஸ்மோரில் ஆறு 14.4 மீட்டர் உயர்ந்து ஊரை மூழ்கடித்தது. 2025 மார்ச்சில் ஆல்ஃபிரட் புயல் பிரிஸ்பேனுக்கு அருகே கரையைக் கடந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை உலர்ந்த மாதங்களில் மட்டும் போய்விட்டு வரலாமே என்பார்கள். திமிங்கிலங்களுக்கு அது சரி: ஜூன், ஜூலையில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வடக்கே போவதை பைரன் முனைக் கலங்கரை விளக்கத்தடியிலிருந்து பார்க்கலாம். ஆனால் பண்டபெர்க் அருகே மோன் ரெப்போ கரையில் பெருந்தலை ஆமைகள் முட்டையிட ஏறுவது நவம்பரில் தொடங்குகிறது. குஞ்சுகள் கடலுக்கு ஓடுவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பெசன்ட் நகர்க் கரையில் பங்குனி ஆமைகளுக்காக இரவு நடை போனவர்கள் இதைத் தவறவிட மாட்டார்கள். அது மழைக்காலம். நாம் வீட்டிலேயே இருந்தாலும் வண்டி வாசலில் நனைந்துகொண்டுதான் நிற்கும். மூன்று மீட்டர் உயர மோட்டார்ஹோம் நுழையும் கொட்டகை எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது?

பெட்டி வண்டியின் சுவர் ஓர் அடுக்குப் பலகை. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு அல்லது ஃபைபர்கிளாஸ், நடுவே தெர்மோகோல், அதைச் சுற்றி மரச்சட்டம், உள்ளே மெல்லிய ப்ளைவுட். கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் அலுமினியப் பட்டை வைத்து, அதன் அடியில் அடைப்புப் பசை தடவியிருப்பார்கள். அந்தப் பசை ஒன்றுதான் மழைக்கும் மரத்துக்கும் நடுவே நிற்கிறது. இந்த ஊர் வெயிலில் அது காய்ந்து வெடிக்கிறது. பாதையின் குலுக்கலில் பெட்டி முறுகும்போது மயிரிழைக்கு விடுகிறது. மேலே சொன்ன முனகல் இதுதான்.

ஓட்டுநர் தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் கட்டில் பகுதியின் முன்விளிம்பு, கூரை ஜன்னலின் சட்டம், வெயில்மறைப்பைத் திருகி மாட்டிய வரிசை, பின்விளக்குகளின் ஓட்டை: தண்ணீர் நுழையும் வழக்கமான இடங்கள் இவை. கடற்கரை முகாம்களில் சவுக்கு மரத்தடி நிழலுக்குப் போட்டி இருக்கும். நம் ஊர்க் கடற்கரைகளில் நட்டு வளர்த்த அதே சவுக்குக்குத் தாயகங்களில் இந்தக் கரையும் ஒன்று. அதன் ஊசிச் சருகு கூரை விளிம்பில் அடைந்து, ஈரத்தை நாள்கணக்கில் அந்தப் பட்டையின் மேலேயே பிடித்து வைக்கும்.

உள்ளே போன தண்ணீர் நுழைந்த இடத்தில் தலைகாட்டுவதில்லை. சட்டத்தின் வழியே ஓடி வேறெங்கோ தேங்கும். உள்சுவரின் அலங்காரத் தாள் அதை மறைத்துவிடும். பழுப்புக் கறை தெரியும்போதோ, சுவரை அழுத்தினால் ஊறிய ரொட்டிபோல் அமுங்கும்போதோ, மரம் ஏற்கெனவே பல மாதம் நனைந்திருக்கும். பிறகு அலமாரியைக் கழற்றி, உள்பலகையை வெட்டி, மரச்சட்டத்தை மாற்றி, உலர்த்தி, மறுபடி ஒட்ட வேண்டும். பொருளுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். கூலி மணிக்கணக்கில் ஏறும். பல வாகனக் காப்பீடுகள் திடீர் விபத்துக்குப் பணம் தரும். மெல்ல மெல்லக் கசிந்து அழுகியதைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

தடுக்க முடியாதா என்றால், முடியும். ஆண்டுக்கு ஒருமுறை கூரையைக் கழுவி எல்லா இணைப்பையும் பார்க்க வேண்டும். வெடித்த பசையை முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அதன் மேலேயே பூசி மெழுகுவது பயன் தராது. குளியலறைக்குப் போடும் சிலிக்கோனை அங்கே தடவவே கூடாது, பிறகு எந்தப் பசையும் அந்த இடத்தில் ஒட்டாது. ஏணி போட்டு ஏறி இதைச் செய்பவர்கள் உண்டு, அவர்களுடைய வண்டி பல்லாண்டுக்குப் பிறகும் உலர்ந்தே இருக்கிறது. நான் அந்த ரகம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கேம்பர்வேனில் கூரையும் சுவரும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்த இரும்பு. பிறகு வெட்டிய ஓட்டைகளில் மட்டுமே கசியும்: கூரைக் காற்றாடி, பக்க ஜன்னல்கள், சோலார் கம்பி இறங்கும் துளை. ஒரு கப் தேநீர் ஆறுவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கசிந்தாலும் அழுகுவதற்குச் சுவருக்குள் மரச்சட்டம் இல்லை.

இரும்பு என்றால் துரு. கடற்கரை என்றால் இரட்டிப்புத் துரு. என் மனைவியின் பலமான வாதம் இதுதான், இதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. கடலோரத்திலிருந்து திரும்பியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அலசுகிறோம். ஆட்டுரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கும் லனோலின் திரவத்தை அடியில் தெளிக்கிறோம். மோட்டார்ஹோமின் அடிச்சட்டமும் இரும்புதான் என்பதால் இந்த வேலை அதற்கும் உண்டு. ஆனால் ஜன்னலுக்காக வெட்டிய விளிம்பில் சரியாகப் பெயின்ட் அடித்தார்களா, உள்பலகைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் வண்டி இன்னும் இளையது, பிரித்ததில்லை. குளிர்கால விடியலில் இரும்பு வியர்க்கவும் செய்கிறது. இரண்டு பேர் மூச்சும் ஒரு கொதிகெண்டியும் போதும், ஜன்னலில் நீர் வழியும். அதனால் சமையல் பெரும்பாலும் வெளியேதான். வெளியே சமைத்தால் உடும்பும், பிரஷ் டர்க்கி என்ற காட்டுப் பறவையும் பங்கு கேட்டு வரும்; சோற்றுப் பானையைக் கவனிக்க ஓர் ஆளை நிறுத்த வேண்டும்.

விற்கும்போது இந்தச் சுவர் விஷயம் பணமாகிறது. குயின்ஸ்லாந்தில் பதிவிலுள்ள வண்டியை விற்கப் பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. அது பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு முதலியவற்றைப் பார்க்கும். சுவருக்குள் ஈரம் இருக்கிறதா என்பது அதன் வேலை இல்லை. எனவே விவரம் தெரிந்தவர்கள், சுவருக்குள் இருக்கும் ஈரத்தை அளக்கும் ஈரமானியோடு வருகிறார்கள். 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதி, 20ஐத் தாண்டினால் பேரம் தொடங்கும், 30 என்றால் பெரும்பாலோர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் பார்க்கப் போன பழைய மோட்டார்ஹோம்களில் புத்தம்புது வால்பேப்பர் ஒட்டியிருந்தவை என் சந்தேகத்தைக் கிளப்பின. ஒன்றின் கட்டில் மூலையில் விரல் வைத்தேன், சுவர் உள்வாங்கியது. விற்றவர் அது மெத்தைத் துணி என்றார். கேம்பர்வேனை வாங்க வருபவர் வேனை எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்க்கிறார்: துரு, எஞ்சின், ஓடிய தூரம். மறைக்க இடம் குறைவு என்பதால் பேரமும் சீக்கிரம் முடிகிறது.

காருக்குப் பின்னால் இழுக்கும் கேரவனைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்கலாம். முகாமில் கழற்றி வைத்துவிட்டுக் காரில் நூசாவுக்கோ லாமிங்டனுக்கோ ஓடிவிடலாம் என்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஒரே ஊரில் ஒரு வாரம் தங்குபவர்களுக்கு அதுவே சிறந்ததாகவும் இருக்கலாம். நான் இழுத்து ஓட்டியதில்லை, அதனால் தீர்ப்புச் சொல்லவில்லை. மரச்சட்டத்தில் கட்டிய கேரவனுக்கும் மேலே சொன்ன ஈரக்கதை அப்படியே பொருந்தும். மரமே இல்லாமல் முழு ஃபைபர்கிளாஸ் பலகையில் கட்டும் புதிய பெட்டிகளும் வருகின்றன. மோட்டார்ஹோமிலும் கேரவனிலும் அவை கிடைக்கின்றன. அவை பத்து மழைக்காலம் தாங்கினால் என் வாதத்தின் பாதி விழுந்துவிடும். விலையும் அதற்கேற்ப இருக்கிறது.

நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு, என் கட்சியை மீறியே, மோட்டார்ஹோமைத்தான் சொல்வேன். வேனுக்குள் நான்கு பேர் மூன்று நாள் மழையில் அடைபட்டால் திமிங்கிலமே வந்தாலும் சண்டை ஓயாது. ஆனால் பார்க்கப் போவதை மழை பெய்த மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரமானியை எடுத்துப்போய் நான்கு மேல்மூலைகளிலும், கூரை ஜன்னலைச் சுற்றியும், கட்டிலின் முன்விளிம்பிலும், அலமாரிகளுக்கு உள்ளேயும் வைத்துப் பாருங்கள். கடைசியாகப் பசை மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள். கூரையில் ஏணி வைத்துப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள்.